யேசுரத்தினத்தின் பிடரி

யேசுரத்தினம் தன் பிடரியை ஒருநாளும் பார்த்ததில்லை. ஆலயத்தில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

கருங்கல் சந்தையில் அவருக்கு வாழைக்குலை வியாபாரம். மட்டி, ஏத்தன், செவ்வாழை. இடுப்பில் ஒரு கறைபிடித்த வேட்டியும் தோளில் ஒரு துவர்த்துத் துண்டுமாக வண்டியிலிருந்து குலைகளை இறக்குவார். வாழைக்கறை எதற்கும் போகாது. அந்தத் துணிகளை மனைவி ராஜபாய் குளத்தில் அலசிக் காயப்போடுவாள். வெளுக்கக் கொடுக்கிற தரத்தில் அவை இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு வெள்ளை வேட்டியும் சட்டையும் பெட்டியில் இருந்தன. அவர் சபையில் டீக்கன் ஆகும்வரை அவற்றையும் அவளேதான் துவைத்தாள்.

பொய் சொல்லாத வியாபாரி என்று அவருக்குச் சந்தையில் பெயர் இருந்தது. வாயைத் திறக்காமலே வாங்கிய பெயர் அது என்று வெகுகாலம் கழித்து அவரே சொன்னார்.

பக்கத்து விளைக்காரர் இஸ்ரவேல். இரண்டு பேரும் ஒரே மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். இஸ்ரவேல் பேசுகிறவர், சிரிக்கிறவர், ஆலயத்தில் மற்றவர்களுக்கு முன்னாலேயே பாட்டை எடுத்துவிடுகிறவர். தன் விளையில் வெட்டுகிற குலைகளை யேசுரத்தினத்துக்குத்தான் கொடுப்பார்.

1949-ஆம் வருஷம் மாசி மாதம் மண்டைக்காட்டு அம்மன் கோவிலில் கொடைத் திருவிழா. அந்தச் சமயம் பார்த்து யேசுரத்தினத்திடம் ஒரு வண்டி மட்டிக்குலை பழுத்து நின்றது. கொடைக்குக் கொண்டுபோனால் ஒரே பகலில் தீரும். வீட்டில் வைத்தால் அழுகும். ஆனால் சபையார் கொடைக்குப் போகக்கூடாது, கடை போடவும் கூடாது என்பது போதகர் வைத்திருந்த கட்டுப்பாடு. அடுத்த மாதம் சபைக்கூட்டத்தில் புதிய டீக்கனைத் தெரிந்தெடுக்க இருந்தார்கள்.

"நான் போனா நல்லா இருக்காது கேட்டியா" என்றார் யேசுரத்தினம். "டீக்கனுக்கு எனக்க பேரு அடிபடுகு."

"எனக்க பேரு அடிபடல்லியா லே?" என்று இஸ்ரவேல் சிரித்தார்.

அதுவும் உண்மைதான். இரண்டு பெயர்களும் அடிபட்டன.

"செரி, போட்டு. பழம் அழுகினா ஒனக்க மூஞ்சியப் பாக்க முடியாது" என்று இஸ்ரவேல் வண்டியைப் பூட்டிக்கொண்டு போனார்.

சாயங்காலத்துக்குள் பழம் விற்றுவிட்டது. வண்டியின் நுகத்தடியில் உட்கார்ந்து இஸ்ரவேல் ஓய்ந்திருந்தபோது, பழம் வாங்கிப்போன ஒரு அம்மாள் திரும்பி வந்து ஒரு மண்டையப்பத்தை அவர் கையில் வைத்தாள். தலைவலி தீர்ந்தால் சுட்டுப் படைப்பதாக அம்மனுக்கு நேர்ந்துகொள்கிற அப்பம். அவருக்குப் பசி. தின்றுகொண்டிருந்தார். குளச்சலுக்குப் போகிற வழியில் சபையைச் சேர்ந்த வாத்தியார் சுந்தர்சிங் அதைப் பார்த்தார்.

சபைக்கூட்டம் பள்ளிக்கூட அறையில் நடந்தது. பாய் விரித்திருந்தார்கள். சுந்தர்சிங் எழுந்து தான் பார்த்ததைச் சொன்னார். அவர் பார்த்ததை விட ஒரு சொல்லும் கூட்டவில்லை. மற்றவர்கள் கூட்டினார்கள். இஸ்ரவேலுக்குப் பிள்ளை இல்லை, அதற்காக அம்மனுக்கு நேர்ந்திருப்பார் என்று ஒருவர் சொன்னார்.

"பசிச்சுது. ஒரு அம்மை தந்தா. தின்னேன்" என்றார் இஸ்ரவேல்.

"அங்க எதுக்குப் போனீர்?" என்று போதகர் கேட்டார்.

இஸ்ரவேல் பாயில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த யேசுரத்தினத்தைப் பார்த்தார். யேசுரத்தினம் பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு கோரை பிரிந்து நின்றது. அதை விரலால் உள்ளே தள்ளினார். அது மறுபடியும் வெளியே வந்தது.

அம்மனுக்கு நேர்ந்து பொருத்தனை செய்ததை இஸ்ரவேல் சபைக்கு முன்னால் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்கும்வரை அவருக்கு ஆலயத்தில் இராப்போஜன அப்பமும் ரசமும் இல்லை என்று தீர்மானம் ஆயிற்று.

"செய்யாததுக்கு எப்படி மன்னிப்புக் கேக்க?" என்று மட்டும் இஸ்ரவேல் கேட்டார்.

யேசுரத்தினம் டீக்கன் ஆனார்.

வீட்டுக்கு வந்ததும் ராஜபாய் கேட்டாள். வண்டி யாருடையது, பழம் யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

"நீங்க சொன்னியளா?"

"என்னிட்ட யாரும் கேக்கல்ல."

அவள் அடுப்புக்குப் போய்விட்டாள்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை இராப்போஜனம். போதகர் ஜெபித்துக் கொடுக்கிற அப்பத்தட்டையும் பாத்திரத்தையும் வரிசை வரிசையாகக் கொண்டுபோவது டீக்கன்மாரின் வேலை. ஆண்கள் பக்கம் யேசுரத்தினத்துக்கு. கடைசி பெஞ்சில் இஸ்ரவேல் உட்கார்ந்திருப்பார். கடைசிக்கு முந்தின பெஞ்சுவரை போய் யேசுரத்தினம் திரும்பிவிட வேண்டும். அதைத்தான் ஒவ்வொரு மாதமும் செய்தார்.

டீக்கனுடைய துணி பழுப்பாக இருக்கக்கூடாது என்று ராஜபாய் ஞாயிற்றுக்கிழமைத் துணிகளை வெளுப்புக்குக் கொடுக்க ஆரம்பித்தாள். துணி வெளுக்கும் செல்லத்தாய் வீட்டுக்கு வீடு ஒரு குறி வைத்திருந்தாள். சேங்கொட்டையை ஊசியால் குத்தி, அதன் பாலில் ஊசியைத் தோய்த்து, சட்டையின் கழுத்துப்பட்டைக்கு உள்ளேயும் வேட்டியின் ஒரு மூலையிலும் எழுதுவாள். மேலே சுண்ணாம்பைத் தடவினால் கறுத்துவிடும். பிறகு எத்தனை வெளுப்புக்கும் போகாது. வேதக்காரர் வீடுகளுக்கெல்லாம் சிலுவைபோல ஒரு குருசு. எந்த வீடு என்பதைப் புள்ளிகள் சொல்லும். யேசுரத்தினம் வீட்டுக்குக் குருசும் கீழே ஒரு புள்ளியும்.

ஆனி மாதம் பிடரியில் அரிப்பு தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை மாலை சிவக்கும். நடுவாரத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்களாகி நீர் வடியும். சனிக்கிழமைக்குள் காய்ந்து தோல் உரியும். மறுநாள் மறுபடியும். பிறகு இடுப்பின் வலப்பக்கத்திலும் உள்ளங்கை அகலத்துக்கு வந்தது. அவரால் மல்லாந்து படுக்க முடியவில்லை. தலைமுடிக்கு வைத்திருந்த மரச்சீப்பு சொறிவதற்கென்று ஆயிற்று. ராஜபாயின் கை தெரியாமல் பட்டாலும் தோளைச் சுருக்கிக்கொண்டார். அவள் தனிப்பாயில் படுத்தாள்.

கருங்கலில் பகவதியப்பன் வைத்தியர் பார்த்துவிட்டுக் கரப்பான் என்றார். கத்தரிக்காயும் கருவாடும் நின்றன. கரப்பான் நிற்கவில்லை.

மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, புண்ணின் மேல் ஒரு கோழியிறகால் தடவினார். பிறகு ஊசியால் குத்தினார்.

"தெரியுதா?"

"நல்லாத் தெரியுது ஐயா."

குஷ்டம் இல்லை என்று வெள்ளைக் களிம்பு கொடுத்தனுப்பினார். ஆஸ்பத்திரிக்குள் நடந்த அந்தச் சோதனை ஊருக்குத் தெரியாது. ஊர் ஞாயிற்றுக்கிழமை அவருடைய பிடரியைப் பார்த்தது. அவர் நீட்டுகிற பாத்திரத்தின் விளிம்பைச் சிலர் துவர்த்தால் துடைத்துவிட்டுக் குடித்தார்கள். சிலர் அவர் வருவதற்குள் எழுந்து வெளியே போய்விட்டார்கள். சட்டையில் நீர்க்கறை தெரியக்கூடாது என்று ராஜபாய் இன்னும் அடிக்கடி வெளுப்புக்குப் போட்டாள். புதிதாக இன்னொரு சட்டை தைத்தாள். செல்லத்தாய் அதற்கும் குறி வைத்தாள். ராஜபாயின் சேலையிலும் அதே குருசு, அதே புள்ளி. அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. அதனால் யாருக்கும் அந்தப் பக்கம் யோசனை போகவில்லை.

யேசுரத்தினத்துக்கு வேறொரு யோசனை போயிற்று. ஞாயிற்றுக்கிழமை போனால் வருகிறது. காய்ச்சலில் படுத்து ஆலயத்துக்குப் போகாத வாரங்களில் ஆறிவிடுகிறது. தகுதியில்லாமல் அந்த மேசையைத் தொடுகிறவன் நோயில் விழுவான் என்று போதகர் ஒவ்வொரு இராப்போஜனத்துக்கு முன்பும் எச்சரிப்பார். மற்றவர்கள் அதை வழக்கமான வார்த்தையாகக் கேட்டார்கள். அவர் தன் கழுத்தில் கேட்டார். இதை யாரிடமும் கேட்டுத் தெளியவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. காரணம் அவருக்கு அவ்வளவு தெளிவாக இருந்தது.

ஒருநாள் குலை வெட்ட இஸ்ரவேலின் விளைக்குப் போயிருந்தார். குனிந்து குலையைத் தோளில் ஏற்றும்போது பின்னாலிருந்து இஸ்ரவேல் சொன்னார்:

"மக்கா, இது சேரு மரத்துக்க பாலு பட்ட மாதிரியில்லா இருக்கு. மலைப்பக்கம் போனியா?"

"நான் எங்க போக?"

"எரியுதா?"

"உம்."

"குலசேகரத்துக்கு மேல ஒரு தான்றி மரம் நிக்குது. சேரு பட்டவனுவ அதச் சுத்தி வந்தா மாறும்னு சொல்லுகாவ. ஒரு எட்டு போயிட்டு வரப்பிடாதா?"

"நான் டீக்கனாக்கும்."

"ஓ, அது ஒண்ணு இருக்கே." இஸ்ரவேல் வெட்டுக்கத்தியை மண்ணில் குத்தி நிறுத்தினார். "அப்ப நான் சுத்துகேன் லே. ஒனக்க பேரச் சொல்லிச் சுத்துகேன். எனக்கு என்ன, ஏற்கனவே பேரு கெட்டவன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் யேசுரத்தினத்துக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். அவர் குலையை வண்டியில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது இஸ்ரவேல் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"வேற என்னமும் சொல்லணுமா மக்கா?"

"இல்ல" என்றார் யேசுரத்தினம்.

அப்படி மூன்று வருஷங்கள் போயின. 1952 கடைசியில் அவருடைய காது மடலின் பின்புறம்வரை புண் ஏறியது. டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, சாப்பிட உட்கார்ந்தவர் கையைத் தட்டில் வைத்தபடியே ராஜபாயிடம் சொன்னார்:

"வாற ஞாயித்துக்கிழமை எந்திரிச்சு நின்னு சொல்லிப்போடுகேன்."

எதை என்று அவள் கேட்கவில்லை.

"சொல்லுங்க" என்றாள். சோற்றுப்பானையை மூடிவிட்டு, "எல்லாரும் துப்புவாவ" என்றாள். பிறகு, "துப்பட்டு" என்றாள்.

என்ன சொல்வது என்று அவர் வண்டியோடு நடக்கும்போதெல்லாம் வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தார். பழம் எனக்கது. வண்டி எனக்கது. போகச் சொன்னது நான். அவ்வளவுதான். மூன்று வரி.

புதன்கிழமை ராஜபாயின் சொந்தத்தில் ஒரு கல்யாணம். வெள்ளை வேட்டியை எடுத்தார்கள். அதன் ஒரு தலைப்பில் வெற்றிலைக்கறை பட்டிருந்தது. கறை வெளியே தெரியாமல் இருக்க ராஜபாய் வேட்டியைத் திருப்பிக் கட்டச் சொன்னாள். கட்டிக்கொண்டு போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

சனிக்கிழமை காலையில் களிம்பு போடும்போது அவள் கை நின்றது.

"இஞ்ச எப்ப வந்துது?"

இடுப்பின் இடப்பக்கத்தில் புதிதாகச் சிவந்திருந்தது. வலப்பக்கம் காய்ந்து உரிந்துகொண்டிருந்தது.

அவள் உள்ளே போய் வேட்டியைக் கொண்டுவந்தாள். அன்று கட்டியதுபோலத் திருப்பி அவர் இடுப்பில் சுற்றினாள். மூலையில் இருந்த குருசும் புள்ளியும் சிவந்த இடத்தின்மேல் வந்து நின்றன. வேட்டியைச் சரியாகத் திருப்பிச் சுற்றினாள். குறி வலப்பக்கத்துப் பழைய புண்ணுக்குப் போயிற்று. பிறகு சட்டையை எடுத்துக் கழுத்துப்பட்டையை விரித்துப் பார்த்தாள்.

"கர்த்தரு இல்ல" என்றாள். "செல்லத்தாயி."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் நீர் வந்தது. அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு அதற்கு முன்னால் எப்போது கேட்டது என்று இரண்டு பேருக்கும் நினைவில்லை.

செல்லத்தாயைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் பதறிவிட்டாள்.

"எனக்க அம்மைக்க காலத்துல இருந்து போடுகோம். பச்சையா மேல பட்டா வீங்கும், அது எல்லாருக்கும் உள்ளதுதான். காஞ்ச குறி ஆரையும் ஒண்ணும் செய்ததில்ல அம்மோ. இவியளுக்கு மட்டும் எப்படி?"

"இவிய ஒடம்பு அப்படி" என்றாள் ராஜபாய். "இனி எங்க துணிக்குச் செவப்பு நூலால ஒரு தையல் போடு. அது போதும்."

வேட்டியில் குறி இருந்த மூலையை அவள் கத்தரித்து எறிந்தாள். இரண்டு சட்டைகளின் கழுத்துப்பட்டைகளையும் பிரித்து எடுத்துவிட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் துவைத்த, கழுத்துப்பட்டை இல்லாத சட்டையைப் போட்டுக்கொண்டு யேசுரத்தினம் ஆலயத்துக்குப் போனார். மூன்று வரியும் மனதில் இருந்தன. அவற்றைச் சொல்ல எழுந்து நிற்கவேண்டிய நேரம் பிரசங்கத்துக்கும் இராப்போஜனத்துக்கும் நடுவில். அந்த நேரம் வந்தது. ராஜபாய் பெண்கள் பக்கத்திலிருந்து அவரைப் பார்த்தாள். அவர் எழுந்தார். மேசைக்குப் போனார். தட்டை வாங்கினார். வரிசை வரிசையாக வந்தார். கடைசிக்கு முந்தின பெஞ்சில் திரும்பினார்.

அடுத்த மாதம் சொல்லலாம் என்று நினைத்தார். உண்மையாகவே அப்படி நினைத்தார். தண்டனை இல்லை என்றால் அவசரமும் இல்லை.

பொங்கலுக்குள் பிடரி முழுக்க ஆறிவிட்டது. சபையார் பாத்திரத்தைத் துடைக்காமல் குடித்தார்கள். ராஜபாயின் பாய் பழைய இடத்துக்கு வந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவர் ஒரு விதமாக வாழப் பழகிக்கொண்டார். நாவிதர் போர்த்துகிற துணியைத் தள்ளிவிட்டுத் தன் துவர்த்தைப் போர்த்திக்கொள்வார். வெளியூரில் யார் வீட்டிலாவது கட்டிலில் விரிப்பு விரித்தால், பேசிக்கொண்டே மூலைகளைத் திருப்பிப் பார்ப்பார். கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தாலும் வெறும் தரையில் படுத்துக்கொள்வார். கல்யாண வீடுகளில் கொடுக்கும் மாற்று வேட்டியை வாங்கமாட்டார். டீக்கனுக்குக் கர்வம் என்று சிலர் சொன்னார்கள்.

மாசியில் இஸ்ரவேல் குலையோடு வந்தார். சுமையை இறக்கிவிட்டு யேசுரத்தினத்தின் பின்பக்கமாக வந்து நின்றார்.

"மாறிட்டே மக்கா! என்ன மருந்து?"

யேசுரத்தினம் சேங்கொட்டைக் குறியின் கதையைச் சொன்னார். வேட்டி திரும்பிய கதை வந்ததும் இஸ்ரவேல் வாய்விட்டுச் சிரித்தார்.

"சேருன்னு நான் அன்னைக்கே சொன்னேனா இல்லியா? மரமா இருந்தா என்ன, அதுக்க கொட்டையா இருந்தா என்ன!"

பிறகு சிரிப்பு நின்றது.

"அப்ப அவ்வளவுதானா?" என்று கேட்டார்.

"அவ்வளவுதான்" என்றார் யேசுரத்தினம்.

இஸ்ரவேல் தலையில் கட்டியிருந்த துவர்த்தை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அதன் பிறகும் குலை கொண்டுவந்தார். இறக்கினார், போனார். கொஞ்ச காலத்தில் கடைசி பெஞ்சுக்கும் வராமலானார்.

1955-இல் மழைக்காலம் முடியும் சமயம் இஸ்ரவேலுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் கிடந்து இறந்துபோனார். சபை விலக்கில் இருந்தவர் என்பதால் உடலை ஆலயத்துக்குள் கொண்டுபோகவில்லை. மணி அடிக்கவில்லை. போதகர் வீட்டில் ஒரு ஜெபம் செய்தார். கல்லறைத் தோட்டத்தின் மதிலோரத்தில் இடம் கொடுத்தார்கள். டீக்கன்மார் பெட்டியைத் தூக்கும் வழக்கம் உண்டு. இதை உறவுக்காரர்கள் தூக்கினார்கள். யேசுரத்தினம் பின்னால் நடந்தார்.

மறுநாள் அவர் இஸ்ரவேலின் வீட்டுக்குப் போனார். மனைவி நேசம்மாள் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். அவர் நின்றுகொண்டே சொன்னார்.

"பழம் எனக்கது நேசம்மா. வண்டி எனக்கது. போகச் சொன்னது நான்."

அவள் அகப்பையை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"இது எனக்குத் தெரியாதா அண்ணே? வண்டி பூட்டினது எனக்க முத்தத்துலயில்லா."

"அவன் என்ன சொன்னான்?"

"என்ன சொல்லுகதுக்கு இருக்கு? நீங்க புண்ணும் சொறியுமா அலைஞ்ச சமயம் சொல்லுவாவ, 'அவன் சொல்லிப்போடுவான் பிள்ளே, அவனுக்கு உள்ள இருந்து அரிக்குது, இந்த மாசம் இல்லேன்னா அடுத்த மாசம்'னு. நானும் அப்படியே நெனச்சுக்கிட்டு இருந்தேன்." அவள் முந்தானையால் முகத்தின் ஆவியைத் துடைத்தாள். "ஒங்க கழுத்து ஆறின அன்னைக்கு வந்து, 'இனிச் சொல்ல மாட்டான்'னாவ. அதுக்குப் பெறகு அந்தப் பேச்ச எடுத்தது இல்ல."

அவருக்கு உட்கார வேண்டும்போல இருந்தது. அவள் உட்காரச் சொல்லவில்லை.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை, பிரசங்கத்துக்கும் இராப்போஜனத்துக்கும் நடுவில், யேசுரத்தினம் எழுந்து அந்த மூன்று வரியையும் சொன்னார். யாரும் துப்பவில்லை. சுந்தர்சிங் மட்டும் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்தார். இஸ்ரவேலின் பேரில் குற்றம் இல்லை என்று போதகர் மேசைக்கு முன்னால் நின்று அறிவித்தார். மணி அடிக்கட்டுமா என்று மணியடிப்பவர் கேட்டார்.

"மணி ஆளை எடுக்கும்போது அடிக்கிறது" என்றார் போதகர். "இப்ப எதுக்கு?"

டீக்கன் வேலையை விடவேண்டாம் என்று சபையார் இரண்டு முறை ஆள் அனுப்பினார்கள். அவர் விட்டுவிட்டார்.

அடுத்த வருஷம் நவம்பரில் தெற்குத் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. கருங்கல் சந்தியில் வெடி போட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் இடம் கொள்ளாத கூட்டம். ஸ்தோத்திர ஆராதனை, இராப்போஜனம். புதிய டீக்கன் தட்டோடு கடைசி பெஞ்சுவரை வந்தார். யேசுரத்தினம் கையை மடியில் வைத்திருந்தார். புதியவர் சற்று நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அந்தக் கடைசி பெஞ்சில்தான் யேசுரத்தினம் இப்போது உட்காருகிறார். சட்டையில் கழுத்துப்பட்டை இல்லை. பிடரியில் ஒரு வடு கூட இல்லை. பார்ப்பதற்குப் பின்னால் யாரும் இல்லை.